எட்டாம் வகுப்பு 'பி' பிரிவின் அக்கா மிஸ்

1. நோட்டீஸ் போர்டு

பி.எட். இரண்டாம் ஆண்டில் டீச்சிங் பிராக்டிஸுக்கு யார் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்ற பட்டியலைக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். என் பெயருக்கு நேரே இருந்த பள்ளியைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெங்களூர் பிரேசர் டவுனில் இருக்கும் அந்தப் பள்ளியில் நான் பதினான்கு வருஷம் வேலை பார்த்திருந்தேன், டீச்சராக அல்ல, லேப் அட்டெண்டராக. பி.எட். படிப்பதற்காகச் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன்.

லேப் அட்டெண்டர் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பீக்கர் கழுவ வேண்டும். ஆசிட் பாட்டிலுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். டீச்சர் வருவதற்கு முன்னால் அன்றைய சோதனைக்கு வேண்டியதையெல்லாம் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு, நீலக் கோட்டோடு ஓரமாக நிற்க வேண்டும். முடிந்ததும் துடைத்து அடுக்க வேண்டும். நடுவில் வாயைத் திறக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் திறப்பதில்லை.

நேராக மெத்தட் மாஸ்டர் பிரேம்குமார் சாரிடம் போனேன். அறிவியல் பாடம் நடத்தும் முறையை எங்களுக்குச் சொல்லித் தருகிறவர் அவர். பிராக்டிஸின்போது வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுகிறவரும் அவர்தான்.

"சார், எனக்கு வேற ஸ்கூல் போட்டுக் குடுங்க சார்."

"ஏம்மா, உங்க வீட்டுக்குப் பக்கம்தானே அது? ஒக்கலிபுரத்துல இருந்து வர்ற புள்ளைங்க எல்லாம் ரெண்டு பஸ் மாறிப் போவுது. நீங்க நடந்தே போய்டலாம்."

"அங்க நான் அட்டெண்டர் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். "அப்ப லேப்ல எது எங்க இருக்குன்னு யாரையும் கேக்க வேணாம். நல்லதாப் போச்சு, போங்க."

நல்லதா கெட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? என்னுடன் படித்தவர்கள் எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். அவர்கள் போகிற பள்ளியில் அவர்களை யாருக்கும் தெரியாது. நுழைந்தவுடன் மிஸ், சார். என்னை மட்டும் அங்கே கேட் வாட்ச்மேன் முதல் பிள்ளைகள் வரை எல்லாருக்கும் தெரியும். அத்தனை பேருக்கும் நான் அக்கா.

2. கதவோரத்தில் பதினான்கு வருஷம்

எனக்குச் சொந்த ஊர் கே.ஜி.எஃப். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நான் பி.எஸ்சி. முடித்த சமயம் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பி.எட். சேர்கிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பெங்களூரில் யாரோ சொல்லி இந்த வேலை கிடைத்தது. ஒரு வருஷம் பார்ப்போம், அப்புறம் படிப்போம் என்றுதான் ரயில் ஏறினேன். அந்த ஒரு வருஷம் பதினான்காக வளர்ந்துவிட்டது. நடுவில் கல்யாணம், மகள், வாடகை வீடு என்று எல்லாம் வந்தது. பி.எட். மட்டும் வரவில்லை.

அந்தப் பதினான்கு வருஷத்தில் ஐந்து அறிவியல் டீச்சர்களைப் பார்த்தேன். அதே பாடத்தை ஐந்து விதமாகக் கேட்டேன். எந்த இடத்தில் எந்த டீச்சர் ஜோக் சொல்வார் என்பது வரை எனக்கு மனப்பாடம். டீச்சர் எதிரே நின்று பிள்ளைகளைப் பார்ப்பார். நான் கதவோரம் பக்கவாட்டில் நிற்பதால் வேறு சில விஷயங்கள் எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளை புரிந்த மாதிரித் தலையாட்டுகிறது, எது பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கிறது, எதற்குக் கேள்வி தொண்டைவரை வந்து நிற்கிறது, எல்லாம் தெரியும். இதை இப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடுமே என்று உதடு தானாக அசையும். உடனே டெஸ்ட் டியூப் கழுவப் போய்விடுவேன்.

பொறாமையா என்று கேட்டால் இல்லை. ஏக்கம்தான். கல்யாண வீட்டில் நாள் முழுக்கச் சமைத்துவிட்டுப் பந்தியில் உட்காராமல் வீட்டுக்குப் போகிறவளுக்கு இருக்கும் பசி அது.

மகள் ஹைஸ்கூலுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர்தான், "இப்ப படிக்கலைன்னா எப்பவும் படிக்க மாட்டே, அப்ளிகேஷன் வாங்கு" என்றார். அவர் சிவாஜிநகரில் ஒரு பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறவர். லீவு கேட்கப் போனபோது எங்கள் ஹெச்.எம். ஒரு வார்த்தை சொன்னார்.

"படிச்சிட்டு வா எஸ்தர். நம்ம ஸ்கூல்ல சயின்ஸுக்கு ஒரு போஸ்ட் காலியானா, நம்ம ஆளுக்குத்தான் முதல்ல யோசிப்போம். ஆனா நீ கிளாஸ் எடுக்கறத நான் பாக்கணும்ல?"

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருஷமும் ஓட்டினேன். இப்போது அதே பள்ளியில் பிராக்டிஸ். நன்றாகச் செய்தால் ஹெச்.எம். காதுக்குப் போகும், சொதப்பினாலும் போகும். ஒரு பீரியடில் என் தலையெழுத்து தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

முதல் லெசன் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு. பாடம் எரிதல். எரியும் மெழுகுவத்தியின்மேல் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தால் அது அணைந்துவிடும். அதிலிருந்து பாடத்தை ஆரம்பிக்க வேண்டும். லெசன் பிளானை மூன்று முறை எழுதினேன். லெசன் பிளானில் டீச்சர் கேட்கும் கேள்வியை மட்டுமல்ல, பிள்ளைகள் சொல்லப்போகும் பதிலையும் நாமே எழுத வேண்டும். இதைவிடப் பெரிய ஜோசியம் உலகத்தில் கிடையாது.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டு, என் வீட்டுக்காரரையும் மகளையும் கட்டிலில் உட்கார வைத்தேன். அவர்கள்தான் எட்டு பி. மெழுகுவத்தியை ஏற்றி, ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்தேன்.

"வத்தி ஏன் அணைஞ்சுது? யாராவது சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "கரண்ட் வந்துடுச்சு மிஸ், அதான் அணைச்சிட்டீங்க."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு எல்லாம் வெளையாட்டுதான்."

"இன்னாமா நீ. நாப்பது புள்ளைங்க இருக்கற எடத்துல ஒண்ணு இந்த மாதிரி சொல்லாதா? அதுக்கு இன்னா பண்ணுவே, அதச் சொல்லு."

அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் பயந்தது கேலிக்கு இல்லை. அந்த வகுப்பு என்னை டீச்சராக ஏற்குமா என்பதுதான் என் பயம். அதை அவரிடம்கூடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் முழுக்க, "இன்னிக்கு நான்தான் உங்களுக்கு சயின்ஸ் எடுக்கப் போறேன்" என்ற ஒரு வரியைத் துணி மடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் குரல் கடைசி வார்த்தைக்கு முன்னால் இறங்கிவிட்டது.

4. நான் சொன்ன பதில்

திங்கள் காலை, கஞ்சி போட்டுத் தேய்த்த பச்சைக் காட்டன் புடவை. என் இடத்தில் தற்காலிகமாக வந்திருந்த பையன் அன்றைக்கு லீவு. மெழுகுவத்திமேல் கவிழ்க்கிற கண்ணாடி பெல் ஜார், உயரத்து அலமாரியில் தூசிக்கு நடுவில் இருந்தது. புடவை பாழாகிவிடுமே என்று ஆணியில் தொங்கிய என் நீலக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். உண்மையில் நான் யோசித்தெல்லாம் எடுக்கவில்லை, கை தானாகப் போனது. ஜாரைத் துடைத்தேன். தட்டு, மெழுகுவத்தி, தீப்பெட்டி எல்லாவற்றையும் டிரேயில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

எட்டு பி வாசலில் அறிவியல் டீச்சர் ஷைலஜா மேடம் நின்றிருந்தார். மைசூர்க்காரர். என்னுடன் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். இந்த வகுப்பு அவருடையது, ஆறு வாரத்துக்கு எனக்குக் கடன். "ஜாஸ்தி யோச்னெ மாட்பேடா எஸ்தர்" என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். அதிகம் யோசிக்காதே என்றார். பிறகு கடைசி பெஞ்சில் பிரேம்குமார் சார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் நுழைந்தேன். "ஹாய் அக்கா! லீவு முடிஞ்சிதா அக்கா?" என்று நாலு பக்கமும் கேட்டார்கள். இந்தப் பிள்ளைகளை ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். தமிழ், கன்னடம், உருது எல்லாம் கலந்து பேசுவார்கள். நான் சிரித்தேன். டிரேயை மேஜைமேல் வைத்தேன். தட்டை நடுவில் வைத்து, மெழுகுவத்தியை உருக்கி ஒட்டி நிறுத்தி, ஜாரை வலது பக்கம் வைத்து, தீப்பெட்டியை டீச்சர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். எல்லாம் கச்சிதம். பிறகு மேஜையை விட்டு நகர்ந்து, இடது பக்கம் சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

வகுப்பு காத்திருந்தது. நானும் காத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதல் பெஞ்சில் நௌஷின் என்று ஒரு பெண். வாய் ஓயாது, கெட்டிக்காரி. அவள்தான் கேட்டாள்.

"அக்கா, மிஸ் எப்ப வருவாங்க?"

"இதோ வந்துடுவாங்க. சத்தம் போடாம உக்காருங்க."

சொன்னது நான்தான். மூன்று முறை லெசன் பிளான் எழுதிய நான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்குத் தொட்டிலும் வேண்டியிருக்கவில்லை, பதினான்கு வருஷம் போதுமாயிருந்தது. என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. கடைசி பெஞ்சில் பிரேம்குமார் சாரின் பேனா நின்றுவிட்டது. ஷைலஜா மேடம் கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா பரிதாபமா, தெரியவில்லை.

நான் வெளியே நடந்தேன்.

வராந்தாவில் யாரும் இல்லை. எதிரே படிக்கட்டு. இறங்கினால் லேப். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் பீக்கர்கள் இருக்கின்றன, வேலை இருக்கிறது, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நிஜமாகவே ஒரு படி இறங்கினேன். அப்போது உள்ளே அந்தப் பிள்ளைகளின் சளசளப்பு கேட்டது. டீச்சர் இல்லாத வகுப்பில் மெல்ல ஏறிக்கொண்டே போகுமே, அந்தச் சத்தம். எத்தனையோ நாள் லேபில் அந்தச் சத்தத்தைக் கேட்டு, நாம் போய் நிற்க மாட்டோமா என்று தவித்திருக்கிறேன். இன்றைக்கு அந்தச் சத்தம் என்னுடையது, எனக்காக இருக்கிறது. இதை விட்டுவிட்டு எங்கே இறங்குகிறேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

கோட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். இந்த முறை சுவரோரம் போகவில்லை. மேஜைக்குப் பின்னால் போய் நின்று வகுப்பை நேராகப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அந்த வகுப்பின் முகத்தை எதிரிலிருந்து பார்ப்பது அதுவே முதல் முறை.

"மிஸ் வந்தாச்சு" என்றேன்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நௌஷின்தான் முதலில் எழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். "குட் மார்னிங் அக்கா" என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "மிஸ்" என்று சேர்த்தாள். வகுப்பு முழுக்க அதையே பிடித்துக்கொண்டு, "குட் மார்னிங் அக்கா மிஸ்!" என்று இழுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த ஆறு வாரமும் அந்த வகுப்பில் என் பெயர் அக்கா மிஸ்தான்.

லெசன் பிளானில் என் முதல் கேள்வி, "வீட்டில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?" எதிர்பார்த்த பதில், மெழுகுவத்தி ஏற்றுவோம்.

"யூ.பி.எஸ். இருக்கு மிஸ்." "மொபைல்ல டார்ச் போடுவோம்." "எங்க அபார்ட்மென்ட்ல கரண்டே போவாது மிஸ்." ஜோசியம் பலிக்கவில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒரு பையன், "பர்த்டே கேக்குமேல வெப்போமே மிஸ்" என்று மெழுகுவத்தியைக் கொண்டுவந்து சேர்த்தான். அவன் நன்றாக இருக்கட்டும்.

வத்தியை ஏற்றி ஜாரைக் கவிழ்த்தேன். சுடர் குறுகி, நீலமாகி, அணைந்தது. ஆக்ஸிஜன் தீர்ந்துவிட்டது என்று பிளானில் எழுதியிருந்தேன். நௌஷின் விடவில்லை.

"மிஸ், உள்ள இருந்த ஆக்ஸிஜன் எல்லாமே காலியா? அப்ப அதுக்குள்ள ஒரு எலி இருந்தா உடனே செத்துடுமா?"

ஐந்து டீச்சர்களும் "எல்லாம் தீர்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போன இடம் இது. கதவோரத்தில் நின்று ஒவ்வொரு முறையும் நான் மனசுக்குள் இல்லை என்று தலையாட்டிய இடம். எனக்கு அது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. சுரங்கத்தின் பழைய ஆட்கள் சொன்னதாக அப்பா வீட்டில் சொல்வார்.

"எங்க அப்பா பூமிக்கு அடியில தங்கம் வெட்டற வேலை செஞ்சாரு" என்றேன். "அந்தக் காலத்துல புது எடத்துக்குள்ள போறப்ப கையில மெழுகுவத்தி எடுத்துட்டுப் போவாங்களாம். வத்தி அணைஞ்சா மனுசன் உடனே சாவ மாட்டான். அவன் திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கும். அதனாலதான் வத்தி. அது முன்னாடியே அணைஞ்சு, ஓடிப்போடான்னு சொல்லும். ஆக்ஸிஜன் முழுக்கத் தீரல நௌஷின். நெருப்புக்குப் போதாத அளவுக்குக் கொறஞ்சிடுச்சு, அவ்வளவுதான்."

"அப்ப எலி?"

"கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். அதுக்குள்ள நீ ஜாரைத் தூக்கிடணும்."

சொல்லும்போது என் குரல் இறங்கவில்லை. பீரியட் முடிந்து மணி அடித்தபோது, இவ்வளவு சீக்கிரமா என்று எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

5. ரிமார்க்ஸ்

பிரேம்குமார் சார் அப்சர்வேஷன் நோட்டில் எழுதியதை இன்றும் வைத்திருக்கிறேன். ஆரம்பம் பலவீனம், கரும்பலகை வேலை சுமார், மாணவர் கேள்விகள் மிக நன்று. அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தார்.

"ஏம்மா, முதல் அஞ்சு நிமிஷத்துல கிளாஸ விட்டு வெளிய போனீங்களே, எதுக்கு? இங்க காரணம் எழுதணும்."

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"மிஸ்ஸைக் கூட்டிட்டு வரப் போனேன் சார்."

அவர் அந்த வரியை எழுதாமலே நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். "நாளைல இருந்து வர்றப்பவே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

6. அதற்குப் பிறகு

நல்ல மார்க்கில் பாஸ் செய்தேன். ஹெச்.எம். காதுக்கும் நல்லபடியாகத்தான் போனது. ஆனால் போஸ்ட் காலியாகவில்லை. லீவு முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். வருஷங்கள் போய்விட்டன. ஷைலஜா மேடம் ரிட்டயர் ஆனபோது அந்த இடம் வந்தது. அப்போது ஹெச்.எம். மாறியிருந்தார். பழைய வார்த்தை பழையவரோடு போய்விட்டது. எம்.எஸ்சி. படித்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். நல்ல பெண், நன்றாகவே எடுக்கிறாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாள் அவளுக்கு லேப் சாவி எது எதற்கென்று காட்டிக் கொடுத்தேன். இப்போது நான் பி.எட். படித்த கல்லூரியின் ஆண்டு மலருக்குப் பழைய மாணவர்கள் பணி அனுபவம் எழுதலாம் என்று கேட்டிருந்தார்கள். ஆசிரியராக இருப்பவர்கள்தான் எழுத வேண்டும் என்று அதில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கும் வகுப்பு கிடைக்கிறது, யாராவது டீச்சர் லீவு போட்டால்.

"எஸ்தர், எட்டு பி-ய ஒரு பீரியட் பாத்துக்கம்மா. சத்தம் வராம இருந்தா போதும், பாடம் எல்லாம் வேணாம்" என்று ஆபீஸிலிருந்து சொல்லி அனுப்புவார்கள். நான் படி ஏறும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் குதிப்பார்கள். ஃப்ரீ பீரியட் என்று சந்தோஷம். உள்ளே போனதும், "பாடம் வேணாம் மிஸ், ப்ளீஸ் மிஸ், இன்னிக்கு வேணாம் மிஸ்" என்று கெஞ்சுவார்கள். வேடிக்கையைப் பாருங்கள். வாழ்நாள் முழுக்கப் பாடம் எடுக்க ஏங்கினவளிடம் வந்து பாடம் வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள்.

"சரி, பாடம் வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் காட்டறேன்" என்பேன். ஒன்று இரண்டாகும், மணி அடிக்கும்வரை போகும்.

மாசத்தில் ஒன்றோ இரண்டோ அப்படிக் கிடைத்துவிடுகிறது. அது எனக்குப் போதும் என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். போதவில்லை. ஒவ்வொரு ஜூன் மாசமும் பள்ளி திறக்கும் அன்று லேப் கதவைத் திறக்கும்போது எனக்குப் போதவில்லை.

நாளை முதன்முதலாக வகுப்பு எடுக்கப் போகிற தம்பி, தங்கைகளுக்கு நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். லெசன் பிளான் தப்பலாம், குரல் நடுங்கலாம், என்னைப் போல வெளியே போய்விட்டுக்கூட வரலாம். எல்லாம் சரியாகிவிடும். மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே புத்தகத்தை மூடிவிட்டு, "மீதி நாளைக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஐந்து நிமிஷத்துக்காக யாரோ ஒருத்தி கதவோரம் நின்றுகொண்டிருக்கிறாள்.